லாரி எங்கே நிற்கும்? பெருநகரத் திட்டமிடலில் விடுபட்டுப்போன ஒரு கேள்வி

ஒரு புதிய கிடங்குக்குக் கட்டட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, இத்தனை சதுர மீட்டர் தளப்பரப்புக்கு இத்தனை கார்கள் நிறுத்த இடம் வேண்டும் என்று விதிநூல் கணக்காகச் சொல்லிவிடுகிறது. சரக்கை ஏற்றி இறக்கும் மேடைகள் எத்தனை என்பதும் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், காலை 6 மணிக்குச் சரக்கு இறக்க நேரம் குறிக்கப்பட்ட ஒரு லாரி முந்தைய இரவு 10 மணிக்கே நகரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டால், அந்த எட்டு மணி நேரம் அது எங்கே நிற்கும், அதை ஓட்டிவந்தவர் எங்கே உறங்குவார் என்று பெரும்பாலான விதிநூல்கள் கேட்பதில்லை. யாரும் கேட்காததால் அந்த லாரி காற்றில் கரைந்துவிடப் போவதில்லை. நெடுஞ்சாலையின் ஓரம், இறங்குபாதையின் விளிம்பு, மூடிக்கிடக்கும் கடையின் முற்றம், தொழிற்பேட்டைத் தெருவின் இருண்ட பகுதி என்று எங்காவது ஓரிடத்தில் அது நின்றுதான் ஆகவேண்டும்.

பெருநகரங்களைச் சுற்றி லாரி நிறுத்த இடமில்லை என்ற குறை எழும்போதெல்லாம் அது நெடுஞ்சாலைத் துறையின் வேலையாகவோ போக்குவரத்துக் காவலரின் வேலையாகவோ பார்க்கப்படுகிறது. சாலையில் நிற்பதால் அது சாலையின் பிரச்சினையாகத் தோன்றுகிறது. உண்மையில் இந்தத் தேவை பிறப்பது இரண்டு இடங்களில்: சரக்கை அனுப்புபவரும் பெறுபவரும் வகுத்துவைக்கும் நேர அட்டவணை ஒன்று, ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று வரையறுக்கும் சட்டம் மற்றொன்று. இந்த இரண்டையும் பார்க்காமல் காலி நிலம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கும் திட்டங்கள், லாரிகள் வராத இடத்தில் தளம் போட்டுவிட்டு, லாரிகள் நிற்கும் இடத்தில் தடைப் பலகை நட்டுவிட்டு முடிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை சட்டமன்றம் வரை போனதற்குக் காரணமான நிகழ்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2009 மார்ச் மாதத்தில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் தென் கரோலினா மாநிலத்தில் சரக்கு இறக்க வேண்டிய இடத்துக்குச் சில மைல் தொலைவு வரை வந்துவிட்டார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் உள்ளே போக முடியவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் லாரியை நிறுத்தி ஓய்வெடுத்தவரைக் கொள்ளையடிக்க வந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். அவருடைய குடும்பத்தினரும் சக ஓட்டுநர்களும் விடாமல் முயன்றதன் விளைவாக, 2012ஆம் ஆண்டின் தேசியப் போக்குவரத்துச் சட்டத்தில் ‘ஜேசன் சட்டம்’ என்று அழைக்கப்படும் பிரிவு இடம்பெற்றது. லாரி நிறுத்துமிடங்கள் எத்தனை உள்ளன, போதுமானவையா என்று நாடு முழுவதும் கணக்கெடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான கட்டளைகளில் ஒன்று. அந்த இரவில் நெடுஞ்சாலையில் ஓய்விடம் இல்லாதது குறையின் ஒரு பாதிதான். இறக்கும் இடத்துக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்ட லாரிக்குக் காத்திருக்க ஓர் இடம் இல்லாதது மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றித் திட்டமிடுபவர்கள் இன்னமும் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது என் கருத்து.

கடிகாரம் உருவாக்கும் தேவை

கார் ஓட்டுபவர் களைத்தால் நிறுத்துவார், இல்லையென்றால் தொடர்வார். நெடுந்தூர லாரி ஓட்டுநருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அமெரிக்க விதிப்படி அவர் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அதன்பின் தொடர்ச்சியாக 10 மணி நேரம் பணியிலிருந்து விலகி இருக்க வேண்டும். 8 மணி நேரம் ஓட்டிய பிறகு 30 நிமிட இடைவேளை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளையும், பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்ட வரம்பும், 11 மணி நேரத் தினசரி ஓய்வும் விதிக்கப்பட்டுள்ளன. களைப்பால் நேரும் விபத்துகளைத் தடுக்கப் பிறந்த நல்ல விதிகள் இவை. ஆனால் ஓய்வெடு என்று சொன்ன சட்டம், ஓய்வெடுக்க இடம் எங்கே என்பதைச் சந்தையிடம் விட்டுவிட்டது.

ஓட்டுநர்கள் காகிதக் குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இருபது நிமிடம் கூடுதலாக ஓட்டி அடுத்த ஓய்விடத்தை அடைவதற்கு ஓரளவு நெகிழ்வு இருந்தது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானதும் அந்த நெகிழ்வு போய்விட்டது. இரவு 9 மணிக்கு அவருடைய நேரம் முடிகிறது என்றால், 9 மணிக்கு நின்றாக வேண்டும். பக்கத்து ஓய்விடம் நிரம்பியிருந்தால், சட்டத்தை மீறி ஓட்டுவது அல்லது சட்டவிரோதமான இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடியும்.

விதி மாறினால் தேவை எப்படி இடம் மாறுகிறது என்பதற்கு ஜெர்மனி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் நள்ளிரவு முதல் இரவு 10 மணி வரை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் ஓடத் தடை இருக்கிறது. ஆகவே சனிக்கிழமை இரவு நாடு முழுவதும் ஒரே சமயத்தில் லாரிகள் இடம் தேடுகின்றன. வார ஓய்வான 45 மணி நேரத்தை ஓட்டுநர் லாரியின் அறையிலேயே கழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்து, 2020இல் சட்டமும் அதை வெளிப்படையாக உறுதிசெய்த பிறகு, நிறுத்துமிடத்துக்கு அருகில் தங்கும் அறையும் தேவை என்ற புதிய நிபந்தனை சேர்ந்துகொண்டது. ஒரு லாரிகூடக் கூடுதலாக ஓடாமலேயே நிறுத்துமிடத்தின் அளவும் இயல்பும் இப்படி மாறிவிடும்.

பெருநகரப் பகுதிக்குள் வரும்போது இந்தத் தேவை பல முகங்களாகப் பிரிகிறது. நீண்ட இரவு ஓய்வு, அரைமணி இடைவேளை, வார ஓய்வு ஆகியவை சட்டம் கேட்பவை. புயலாலோ விபத்தாலோ சாலை மூடப்படும்போது திடீரென நூற்றுக்கணக்கான லாரிகள் நிற்க நேர்வது வேறு வகை. சரக்கு இறக்கத் தங்கள் முறை வரும்வரை காத்திருப்பது இன்னொரு வகை; பெருநகரங்களில் அடக்குவதற்கு மிகக் கடினமானது இதுதான். கடைசியாக, சொந்தமாக ஒன்றோ இரண்டோ லாரி வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பயணம் முடிந்து வீடு திரும்பும் அவர்களுக்கு லாரியை நிறுத்த இடம் வேண்டும். குடியிருப்புத் தெருவில் கனரக வாகனம் நிறுத்தத் தடை இருக்கும். வீட்டிலிருந்து வெகு தொலைவில் உள்ள நெடுஞ்சாலை ஓய்விடம் அவர்களுக்குப் பயன்படாது. இவர்கள் அந்த நகரத்தின் குடிமக்கள், அங்கேயே வரி கட்டுபவர்கள். இருந்தும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இவர்களுக்கு உரிய பக்கம் கிடைப்பது அரிது.

ஒரு வகைக்கான இடம் மற்றொரு வகைக்கு உதவும் என்று கொள்ள முடியாது. அரைமணி நேரம் நிற்பவருக்குச் சாலையை ஒட்டிய, எளிதில் நுழைந்து வெளியேறக்கூடிய இடமும் கழிப்பறையும் போதும். பத்து மணி நேரம் உறங்குபவருக்கு அமைதி, வெளிச்சம், காவல், குளியலறை, சூடான உணவு ஆகியவை வேண்டும். பெண் ஓட்டுநர்களுக்கு இவை இருப்பதும் இல்லாததும் அந்தத் தொழிலில் நீடிப்பதா விலகுவதா என்பதையே தீர்மானிக்கக்கூடும். முறைக்காகக் காத்திருப்பவருக்கோ கிடங்கிலிருந்து சில நிமிடத் தொலைவு என்பதுதான் முதல் தேவை.

எண்ணிப் பார்ப்பதில் உள்ள சிக்கல்

ஒரு பகுதிக்கு எத்தனை இடங்கள் வேண்டும் என்ற கேள்விக்கு, சாலையில் ஓடும் லாரிகளின் எண்ணிக்கையை வைத்து விடை சொல்வது வழக்கம். அது போதாது என்பதை ஒரு சிறு கற்பனைக் கணக்கு காட்டும். ஒரு கிடங்குத் தொகுப்புக்கு நாளொன்றுக்கு 120 லாரிகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் சராசரியாக 3 மணி நேரம் காத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 லாரி மணி. இதை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 15 லாரிகள் நிற்கும். பதினைந்து இடம் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்த 120இல் 60 லாரிகளுக்குக் காலை 6 முதல் 8 மணிக்குள் முறை குறிக்கப்பட்டிருக்கிறது, அவை இரவிலேயே வந்து சராசரியாக 5 மணி நேரம் நிற்கின்றன, மீதி 60 பகலில் வந்து ஒரு மணி நேரத்தில் உள்ளே போகின்றன என்று மாற்றிப் பாருங்கள். மொத்தம் அதே 360 லாரி மணிதான். அதிகாலை 5 மணிக்கோ 50க்கும் மேற்பட்ட லாரிகள் வாசலுக்கு வெளியே நிற்கும். நாள் சராசரியை நம்பிப் போடப்பட்ட பதினைந்து இடம் அன்றாடம் தோற்றுப்போகும்.

இன்றைய ஆய்வுகள் லாரிகளில் உள்ள ஜி.பி.எஸ். கருவிகளின் பதிவுகளைப் பயன்படுத்துகின்றன. எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நின்றன என்பதைப் பெயர் நீக்கிய தரவாகப் பெற்று வரைபடத்தில் இட்டால், அங்கீகரிக்கப்படாத இடங்களில் லாரிகள் குவியும் புள்ளிகள் தாமாகத் தெரியும். இது பெரிய முன்னேற்றம். இருந்தாலும் இந்தத் தரவு பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வண்டிகளிலிருந்து வருவதால், தனி ஓட்டுநர்களின் பழக்கத்தைக் குறைத்தே காட்டும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு: இடம் கிடைக்காது என்று பயந்து முன்கூட்டியே எங்கோ நின்றுவிட்டவரின் தேவை எந்த வரைபடத்திலும் புள்ளியாக விழாது. அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்கள் தங்களுக்குச் சட்டப்படி இருந்த ஓட்டும் நேரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 56 நிமிடங்களை இப்படி விட்டுக்கொடுத்தது தெரியவந்தது. ஓடும் மைலுக்குக் கூலி பெறுபவருக்கு இது நேரடி வருமான இழப்பு. ஆகவே தரவுடன் நிறுத்திக்கொள்ளாமல் நள்ளிரவில் நேரில் போய் எண்ணுவதும், ஓட்டுநர்களிடம் உட்கார்ந்து பேசுவதும் இன்றும் தவிர்க்க முடியாதவை.

ஜேசன் சட்டத்தின்கீழ் 2019இல் நடந்த கணக்கெடுப்பு அமெரிக்காவில் சுமார் 3,13,000 லாரி நிறுத்துமிடங்கள் இருப்பதாகக் கண்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 மட்டுமே அரசின் ஓய்விடங்களில் உள்ளன. மீதி 2,73,000 தனியார் லாரி நிறுத்தங்களில். தனியார் நிறுத்தங்கள் டீசலிலும் உணவிலும் வரும் லாபத்தை நம்பி நடப்பவை. நிலம் மலிவாகக் கிடைக்கும் நெடுஞ்சாலை நடுவழியில் அவை பெருகும். ஒவ்வோர் ஏக்கருக்கும் கிடங்குகளும் வீட்டுமனைகளும் போட்டியிடும் பெருநகர விளிம்பில் அவை வளராது. தேவை மிகக் கூடுதலாக உள்ள இடமே சந்தை கைவிடும் இடமாகவும் அமைவதால்தான் பொதுத் திட்டமிடல் இங்கே கட்டாயமாகிறது.

எல்லைக்கு அப்பால் தள்ளப்படும் லாரிகள்

எந்த ஊராட்சியும் லாரி நிறுத்துமிடத்தை விரும்பி ஏற்பதில்லை. இரைச்சல், டீசல் புகை, இரவெல்லாம் எரியும் விளக்கு ஆகியவை உள்ளூரில் தங்கும். பலன் பெருநகரம் முழுவதற்கும் பரவும். எனவே ஒரு நகராட்சி தடை போடுகிறது, லாரிகள் பக்கத்து நகராட்சிக்குப் போகின்றன, அதுவும் தடை போடுகிறது. கடைசியில் அவை சேரும் இடம் எதிர்ப்புக் குரல் எழுப்ப வலுவில்லாத ஏழை மக்களின் குடியிருப்புப் பகுதியாகவே பெரும்பாலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் துறைமுகத்தை ஒட்டியுள்ள மேற்கு ஓக்லண்ட் மக்கள் பல ஆண்டுகளாகத் துறைமுக லாரிகளின் புகையையும் தெருவோர நிறுத்தத்தையும் எதிர்த்துப் போராடினார்கள். 2019இல் நகர நிர்வாகமும் துறைமுகமும் சேர்ந்து அந்தப் பகுதிக்கென லாரி மேலாண்மைத் திட்டத்தை வகுத்தன. அந்த மக்களின் எதிர்ப்பைத் தடையாகக் கருதாமல் தகவலாகக் கருதியிருந்தால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்திருக்கலாம்.

ஆகவே இது தனி ஊராட்சியின் அதிகாரத்துக்குள் தீராத விஷயம். அமெரிக்காவில் 50,000க்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒவ்வொரு நகர்ப்புறப் பகுதிக்கும் ஒரு பெருநகரத் திட்டமிடல் அமைப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது குறைந்தது இருபது ஆண்டுகளை முன்வைத்துப் போக்குவரத்துத் திட்டம் வகுக்க வேண்டும். அட்லாண்டா வட்டார ஆணையமும், டல்லஸ்–போர்ட் வொர்த் பகுதியை உள்ளடக்கிய வட மத்திய டெக்சஸ் அரசுகளின் மன்றமும் 2018இல் தங்கள் பகுதிகளுக்கு லாரி நிறுத்துமிட ஆய்வுகளை வெளியிட்டன. அட்லாண்டாவில், உள்நகரில் வேலையில்லாத பெரிய லாரிகள் நகரைச் சுற்றிச் செல்லும் ஐ–285 நெடுஞ்சாலை வழியாகத்தான் போக வேண்டும். இத்தகைய விதி நகர மையத்துக்கு நிம்மதி தருகிறது. அதே நேரத்தில், கடந்து செல்லும் லாரிகள் அனைத்தையும் ஒரே வளையத்தில் சேர்த்துவிடுகிறது. வழித்தடத்தை வகுப்பவரும் நிறுத்துமிடத்தை வகுப்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டியதில்லை. வட்டார அமைப்புக்கு நில அதிகாரம் பொதுவாக இருப்பதில்லை. நிதியைப் பகிர்வதும், ஒரு மாதிரி நிலப் பயன்பாட்டு விதியை எழுதித் தருவதும், ஏற்கும் ஊராட்சிக்கு ஈடு செய்வதும்தான் அதன் கையில் உள்ள கருவிகள். இவற்றில் ஈடு செய்வது பற்றி ஆய்வறிக்கைகள் பேசத் தயங்குகின்றன. ஒலித் தடுப்புச் சுவருக்கும் மரங்களுக்கும் பராமரிப்புக்கும் வட்டார நிதியிலிருந்து நிலையான பங்கு கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல், எந்த உள்ளூர்ப் பிரதிநிதியாலும் தன் மக்கள் முன் நின்று இதை ஆதரித்துப் பேச முடியாது.

இடத்தை ஒதுக்கிய பிறகும் வேலை முடிவதில்லை. அமெரிக்காவில் 53 அடி டிரெய்லருடன் ஓடும் லாரியின் மொத்த நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். ஐரோப்பாவில் வழக்கமான வரம்பு 16.5 மீட்டர். பின்னோக்கி எடுத்து நிறுத்தும்படி அமைத்தால் கூடுதல் வண்டிகள் கொள்ளும். ஆனால் களைத்த ஓட்டுநர் இருட்டில் பின்னெடுக்கும்போது உரசல்கள் நேரும். சாய்கோணத்தில் நேராக நுழைந்து நேராக வெளியேறும்படி அமைத்தால் பாதுகாப்பு கூடும், எண்ணிக்கை குறையும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தும் பாரத்துக்கும் சொட்டும் டீசலுக்கும் தார்த் தளம் குழிந்து இளகிவிடும் என்பதால் கான்கிரீட் தளம் நீடிக்கும். மழைநீர் வடிகாலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாவிட்டால் பக்கத்து நீர்நிலை கெடும். குளிர்சாதன டிரெய்லர்களுக்கு மின் இணைப்பு தந்தால் அவை இரவெல்லாம் டீசல் எந்திரத்தை ஓட்ட வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் எதிர்ப்பில் பாதி இதனாலேயே குறையலாம்.

இருக்கும் இடங்களைப் பற்றிய தகவலும் ஒரு வகைக் கொள்ளளவே. 2019 தொடக்கத்தில் அமெரிக்காவின் எட்டு மத்திய மேற்கு மாநிலங்கள் சேர்ந்து, எந்த ஓய்விடத்தில் எத்தனை இடம் காலி என்பதைச் சாலையோரப் பலகைகளிலும் செயலிகளிலும் உடனுக்குடன் காட்டும் அமைப்பைத் தொடங்கின. ஓட்டுநர் இறுதி அரைமணியில் இடம் தேடி அலைவதை இது குறைக்கும். எல்லா இடங்களும் நிரம்பிய இரவில் ‘காலி இல்லை’ என்பதைத் துல்லியமாகச் சொல்வதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. நிரம்பி வழியும் ஓய்விடத்தின் நுழைவுப் பாதையில் லாரிகள் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 ஜூலையில் இல்லினாய் மாநிலத்தில் நேர்ந்த விபத்து காட்டியது: ஓய்விடத்துக்குச் செல்லும் பாதையின் ஓரத்தில் நின்ற லாரிகள் மீது ஒரு பயணியர் பேருந்து மோதியதில் மூன்று பேர் உயிரிழந்தனர்.

கிடங்கின் வாசல்

இத்தனைக்கும் பிறகு, தேவையைக் குறைப்பதற்கான சாவி பெறுபவரின் கையில்தான் இருக்கிறது. இரவில் வாசலைத் திறந்து, வந்த லாரியை உள்ளே விட்டு, காலையில் இறக்கும் வரை தன் வளாகத்தில் நிற்க அனுமதிக்கும் கிடங்கு, பொதுச் சாலையிலிருந்து ஒரு லாரியைக் குறைக்கிறது. முறை நேரங்களை இரண்டு மணி நேரத்துக்குள் திணிக்காமல் பரப்பிக் கொடுத்தால் மேலே சொன்ன 50 லாரி வரிசை பாதியாகும். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005இல் இரவு வாசல்கள் திறக்கப்பட்டு, பகலில் எடுக்கும் கன்டெய்னருக்குக் கட்டணம் விதிக்கப்பட்டபோது, சரக்கின் பெரும்பகுதி இரவுக்கு நகர்ந்தது. ஆனால் இரவுக் கட்டணச் சலுகை தொடங்கும் நேரத்துக்காக மாலையில் லாரிகள் வாசலில் குவிந்தன. 2018இல் எல்லா நேரத்துக்கும் ஒரே கட்டணம், முன்பதிவு முறை என்று மாற்றினார்கள். வாசல் நேரமும் நிறுத்துமிடத் தேவையும் ஒன்றோடொன்று இப்படிப் பிணைந்திருக்கின்றன.

லாரியை வாசலில் காக்க வைப்பதற்கு ஹால்டிங் கட்டணம் என்று தொழிலில் ஒரு தொகை உண்டு. அது பல வேளைகளில் கொடுக்கப்படுவதில்லை, கொடுத்தாலும் ஓட்டுநருக்குப் போய்ச் சேருவதில்லை. காத்திருக்கும் நேரத்துக்கு விலை இல்லாதபோது பெறுபவர் அதைச் சிக்கனப்படுத்தக் காரணமே இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏற்றி இறக்கும் இடத்தில் தங்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் உயரும். வாசலில் இழந்த நேரத்தை ஓட்டுநர் சாலையில் ஈடுகட்ட முயல்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே கட்டட அனுமதி விதியிலேயே, வரவிருக்கும் லாரிகளின் முறை அட்டவணையைக் காட்டு, அதற்கேற்ப வளாகத்துக்குள் காத்திருக்கும் இடத்தையும் கழிப்பறையையும் அமை என்று கேட்பது நியாயம். வாடிக்கையாளருக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் அதே சட்டம், அந்தக் கிடங்கின் அலமாரிகளை நிரப்புபவருக்கும் இடம் ஒதுக்கச் சொல்லலாம்.

இப்போது இதற்கு அவசரம் சேர்ப்பது மின்சார லாரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பாதுகாப்பான லாரி நிறுத்துமிடம் ஒவ்வொன்றிலும் 2027 முடிவுக்குள் குறைந்தது 100 கிலோவாட் திறனுள்ள இரண்டு மின்னேற்று நிலையங்களும், 2030 முடிவுக்குள் நான்கும் அமைய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஓட்டுநரின் 45 நிமிட இடைவேளையும் இரவு ஓய்வும் மின்னேற்றுவதற்கு இயல்பாகவே பொருந்தும் நேரங்கள். எனவே எங்கே லாரி உறங்குகிறதோ அங்கே உயர் அழுத்த மின்பாதை போக வேண்டும். மின் வழங்கல் நிறுவனம் துணைமின் நிலையத்துக்கு நிலம் தேடி, ஒப்புதல் வாங்கி, கம்பி இழுக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். நிறுத்துமிடங்கள் எங்கே அமையும் என்று பெருநகரத் திட்டம் முடிவு செய்யாதவரை அந்த நிறுவனத்தால் முதல் கம்பத்தைக்கூட நட முடியாது.